ஓசையை அடக்குவதா, காரணத்தைத் தேடுவதா?



புதிய வாகனம் மௌனமாக ஓடும். பழைய வாகனம் பேசிக்கொண்டே ஓடும். முதியவர்களின் மூட்டுகளைப் போலவே அதன் இணைப்புகளும் தேய்கின்றன. ரப்பர் இறுகி வெடிக்கிறது, இரும்பு துருவேறுகிறது, இறுக்கமாக இருந்த இடங்களில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிகளே ஓசைகளாக வெளிப்படுகின்றன. அவற்றைக் கேட்டதும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று காதை மூடிக்கொள்கிறோம். அல்லது, "எதை மாற்ற வேண்டுமோ மாற்றிவிடுங்கள்" என்று சாவியையும் பணத்தையும் பட்டறைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

எங்கள் பொன்னமராவதி போன்ற ஊர்களில் இது பொழுதுபோக்குப் பேச்சன்று. இங்கே இரயில் இல்லை. புதுக்கோட்டைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். மதுரையும் திருச்சியும் அதனினும் தொலைவு. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும், முதியவர் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தாலும், பல வீடுகளில் வாசலில் நிற்கும் பழைய காரைத்தான் முதலில் நினைக்கிறார்கள். அக்கார்களில் பல, வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வந்தபோது செகண்ட் ஹேண்டாக வாங்கி நிறுத்திவிட்டுச் சென்றவை. வண்டி சத்தமிடும்போது முடிவெடுக்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். வண்டியில் ஏறுகிறவர்களோ பெற்றோரும் மனைவி மக்களும். ஆகவே, ஓசையின் மொழியை வீட்டில் இருப்பவர்களும் ஓரளவு அறிந்திருப்பது அவசியமாகிறது.

ஓர் ஓசை உலகுக்குக் கற்பித்த பாடம்

எஞ்சினில் எழுந்த ஒரு சிறு தட்டல் ஓசை, உலகக் குழந்தைகள் அனைவரையும் பாதித்த வரலாறு ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த பெட்ரோல் தரம் குறைந்தது. எஞ்சினின் உள்ளே அது முறை தவறித் தானே வெடித்து 'டக் டக்' என்று தட்டியது. மேட்டில் ஏறும்போது அவ்வோசை மிகுந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் ஒரு தீர்வைக் கண்டார். டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்ததும் தட்டல் நின்றுவிட்டது. 1923இல் அந்த ஈயப் பெட்ரோல் விற்பனைக்கும் வந்தது.

ஆனால் அந்த ஈயம் எங்கே போயிற்று? சைலன்சர் வழியாகக் காற்றில் கலந்தது. மூச்சுக்காற்றோடு குழந்தைகளின் உடலில் சேர்ந்து, வளரும் மூளையைப் பாதித்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேவே என்ற இடத்தில், இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். அதன் பிறகும் விற்பனை நிற்கவில்லை. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் ஒழிந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதைக் கைவிட்டது. சாராயத்தைக் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அன்றே அறியப்பட்டிருந்தது. இன்று நம் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் அதே சாராயம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓசை நின்றதா என்று மட்டும் பார்த்தார்கள். எதை விலையாகக் கொடுத்து நின்றது என்று பார்க்கவில்லை. இதே தவறு சிறிய அளவில் நம் தெருவிலும் நடக்கிறது. கியர் பாக்ஸ் முனகினால் அதற்குள் மரத்தூளைப் போட்டு முனகலை மறைத்து, வண்டியை விற்றுவிடும் தந்திரம் பழைய கார் வியாபாரத்தில் நெடுநாளாக உண்டு. எஞ்சின் தட்டினால் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. சக்கரத்தின் பக்கம் ஓசை கேட்டால் பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டுபவர்களும் உண்டு. ஓசை அடங்கிவிடும். நோய் அங்கேயே இருக்கும். ஒரு நாள் நடுவழியில் முகத்தைக் காட்டும்.

கேட்பதும் ஒரு கலை

உடலின் ஓசையைக் கேட்டு நோயை அறிவது மருத்துவத்தின் பழைய கலை. இப்னு சீனா (980-1037) தமது 'அல் கானூன்' என்னும் பெருநூலில் நாடித் துடிப்புகளை வகை வகையாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார். 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்றைய ஸ்டெதாஸ்கோப் அதிலிருந்து பிறந்ததுதான். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் நம் ஊர் மெக்கானிக் செய்வதும் அதே வேலைதான். (அனுபவம் இல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். சுழலும் பெல்ட்டும் மின்விசிறியும் சட்டைக் கையையும் முந்தானையையும் கணத்தில் இழுத்துக்கொள்ளும்.)

நல்ல மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் கேள்விகள் கேட்பார். வண்டிக்கும் கேள்விகள் உண்டு. ஓசை எப்போது எழுகிறது: காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதும் கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா? வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறதா? பிரேக் மிதிக்கும்போதா, வளையும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, கிளட்ச்சை அழுத்தும்போதா? முன்னாலா, பின்னாலா, இடமா, வலமா? ஓட்டுகிறவரின் கவனம் சாலையில் இருக்கும். எனவே, பின்னிருக்கையில் அமர்பவர்களே இதை நன்றாகக் கேட்க முடியும். சகோதரிகளே, இந்தப் பணி உங்களுடையது. ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கைபேசியில் ஓசையைப் பதிந்து வெளிநாட்டில் உள்ளவருக்கு அனுப்பலாம். ஆனால் காலில் உணரும் அதிர்வையும் மூக்கில் ஏறும் வாடையையும் கைபேசி பதிவு செய்யாது. அவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஓசை எஞ்சினுடையதா, சக்கரத்தினுடையதா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டி நிற்கும்போதே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதே ஓசை வருமானால், அது எஞ்சினையோ அதனோடு சுழலும் பாகங்களையோ சேர்ந்தது. ஆளரவமற்ற சமதளச் சாலையில் ஓடும்போது, சிறிது நேரம் கியரை நியூட்ரலில் வைத்தும் ஓசை தொடர்ந்தால் அது சக்கரத்தின் பக்கம். இந்தச் சோதனைக்காக ஓடும் வண்டியில் சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்கும் கல்லாய் இறுகும்.

சில ஓசைகளும் அவற்றின் பொருளும்

பட்டறைக்குப் புறப்படுமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கியும் ஸ்டெப்னியும் தளர்ந்து உருள்வதால் எழும் சத்தத்திற்காக வண்டி முழுவதையும் கழற்றியவர்கள் உண்டு. டயர் மாற்றிய மறுநாள் மெதுவான வேகத்தில் 'கடக் கடக்' என்று கேட்டால் உடனே நிறுத்திச் சக்கர நட்டுகளை முடுக்குங்கள். அதில் தாமதம் கூடாது.

கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவது போலப் பிரேக்கில் ஒலித்தால், தூசி படிந்திருக்கலாம். பேடு தேய்ந்திருக்கவும் கூடும். பேடு தேய்ந்ததை அறிவிக்கவென்றே ஒரு சிறு தகடு வைக்கப்பட்ட வகைகளும் உண்டு. சில நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும். கிறீச்சொலி போய், இரும்போடு இரும்பு அரையும் ஓசை வந்துவிட்டால் பேடு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டிற்கு வரவழையுங்கள். பல மாதம் நின்ற வண்டியை எடுத்ததும் முதல் சில பிரேக்குகளில் உரசல் கேட்பது பெரும்பாலும் மேல் துருவினால்தான். சிறிது தூரத்தில் மறைந்துவிடும். மறையாவிட்டால் சும்மா விடக் கூடாது.

மாவு அரைக்கும் கிரைண்டரைப் போன்ற முனகல், வேகத்தோடு சேர்ந்து கூடினால் சக்கரப் பேரிங்கை ஐயுற வேண்டும். வலப்புறம் வளையும்போது வண்டியின் பளு இடப்புறச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது முனகல் மிகுந்தால் இடப்புறப் பேரிங்கை முதலில் பாருங்கள். மாருதி போன்ற, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது, விரலில் நெட்டி முறிப்பது போலத் தொடர்ந்து ஒலித்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருக்கும். உறை கிழிந்தவுடனே மாற்றியிருந்தால் செலவு சிறிது. ஜாயின்ட் போன பிறகு செலவு பெரிது.

பள்ளத்தில் இறங்கும்போது 'தொம்' என்று இடித்தால் புஷ், ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஒன்று. புஷ் சில வாரங்கள் பொறுக்கும். பால் ஜாயின்ட் பொறுக்காது. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். எது என்று பாராமல் "பள்ளத்தில்தானே இடிக்கிறது" என்று விடுவது பேராபத்து.

இனி எஞ்சின் பக்கம் வருவோம். காலையில் கிளப்பியதும் சில நொடி கீச்சிட்டு அடங்கினால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். தையல் இயந்திரம் ஓடுவது போன்ற 'டிக் டிக்' பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி. முதலில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, பிறகு இடைவெளியைச் சரிசெய்யலாம். அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற கனத்த தட்டல் கேட்டு, சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிச் சென்றால் சில ஆயிரத்தில் முடிய வேண்டியது எஞ்சினையே கொண்டுபோய்விடும்.

சைலன்சரில் ஓட்டை விழுந்து வண்டி உறுமினால், அதை வெறும் இரைச்சலாக எண்ணாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடித்தளத்தில் துருப்பிடித்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறதா மயங்கிவிட்டதா என்பதே தெரியாது. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

ஓசையே எழுப்பாத ஆபத்துகளும் உள்ளன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதிகம் ஓடாத காரில் டயரின் பூ தேயாமலே இருக்கும். ரப்பரோ வெடித்துப் பழுத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். டைமிங் பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே அறும். பழைய கார்களின் பெட்ரோல் குழாய்கள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே அந்த ரப்பர் குழாய்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"பேரிங்கை மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "அறுபது வேகத்தில், வலப்புறம் வளையும்போது முனகுகிறது" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியம் ஆணை; மெக்கானிக் அதை நிறைவேற்றிவிடுவார், ஓசை மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாவது செய்தி, அது அவரைத் தேட வைக்கும். அவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஓசை வரும் சாலையிலேயே ஓட்டிக் காட்டுங்கள்.

இங்கே நம் தரப்புக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். உதிரிபாகத்திற்குப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கேட்டும் தட்டியும் காரணத்தைக் கண்டுபிடித்த உழைப்பிற்கு, "சும்மா பார்த்ததுதானே" என்கிறோம். தேடுவதற்குக் கூலி கிடைக்காத இடத்தில், தேடாமல் பாகத்தை மாற்றுவதே பிழைப்பாகிவிடும். கண்டுபிடிக்கும் அறிவுக்கும் கூலி கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரிய செலவென்றால் இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பணம் போதாது என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. ஆகவே மூன்றாகப் பிரியுங்கள். பிரேக், ஸ்டியரிங், சக்கரம், டயர், பெட்ரோல் கசிவு, புகைக் கசிவு, ஆயில் விளக்கு ஆகியவை இன்றே பார்க்க வேண்டியவை. அவற்றைப் பார்க்கும் வரை அவ்வண்டியில் குழந்தைகளை ஏற்றக் கூடாது. பெல்ட், டேப்பெட், புஷ் போன்றவை இம்மாதத்திற்குள் பார்க்க வேண்டியவை. கதவின் கடகடப்பும் டாஷ்போர்டின் நடுக்கமும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். காதுக்கு அருகில் கேட்கும் கதவுச் சத்தத்திற்குச் செலவழித்துவிட்டு, தொலைவில் மெல்ல முனகும் பேரிங்கை மறந்துவிடுகிறார்கள். ஓசையின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் தொடர்பில்லை.

பிறகு கணக்கு. 60,000 ரூபாய்க்கு விலைபோகும் வண்டிக்கு 25,000 ரூபாய்ப் பழுதுவேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "விலையில் பாதியா?" என்று மலைக்கத் தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த 25,000 ரூபாயைக் கொடுத்தால் இரண்டாண்டு அச்சமின்றி ஓடுமா? அதே தொகையைக் கூடுதலாகப் போட்டு வாங்கும் வேறொரு பழைய வண்டியின் நோய்கள் நமக்குத் தெரியுமா? நம் வண்டியின் குறைகளாவது நாம் அறிந்தவை. அதே நேரத்தில், கடந்த 12 மாதச் செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'இதுதான் கடைசி' என்று சொல்லிச் செய்த செலவுகள் வரிசையாக நிற்குமானால், வண்டி தன் முடிவைச் சொல்லிவிட்டது.

அரசுக் கட்டணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. பசுமை வரி தனி. உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் பல்லாண்டு உருவான அம்பாசடரும், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800ம் 2014ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்றுவிட்டன. இலட்சக்கணக்கில் ஓடியவை என்பதால் இவற்றுக்கு இன்னும் பாகங்களும் கைதேர்ந்தவர்களும் உண்டு. அபூர்வமான காருக்கு அந்த வசதி இராது.

இறுதிச் சோதனை துரு. எஞ்சினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, அடித்தளமும் சக்கர அமைப்பு பொருத்தப்பட்ட இடங்களும் துருவில் உதிர்ந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அவ்வண்டிக்கு விடைகொடுங்கள். பதிவு பெற்ற உடைப்பகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் வண்டி போன பிறகும் பொறுப்பு உங்கள் பெயரிலேயே நிற்கும்.

விற்பதாக முடிவு செய்தால் இன்னொரு கடமை வருகிறது. மதீனாவின் சந்தையில், நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து மேலே உலர்ந்ததை வைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று மார்க்கச் சட்டமும் கூறுகிறது. கியர் பாக்ஸில் மரத்தூளைப் போட்டு விற்பவர் மறைப்பது ஓர் ஓசையை மட்டுமன்று. அவ்வண்டியில் ஏறப்போகும் இன்னொரு குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டிய எச்சரிக்கையையும் அவர் பறித்துவிடுகிறார். முனகலைச் சொல்லி விற்றால் சில ஆயிரம் குறையலாம். அந்தக் குறைவு நமக்கு நட்டமன்று.

வாசகர்களே, உங்கள் காரின் முன்பெட்டியில் ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் இன்றே வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்தில் பாட்டுப் பெட்டியை அணைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கி, பத்து நிமிடம் வண்டியைப் பேச விடுங்கள். அது சொல்வதை எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.